எப்படி நோகிறது என்று கேளுங்கள்

சுகாதார அமைச்சின் பொறுப்பதிகாரிகளுக்கும், கொழும்பின் அரசாங்க மருத்துவமனைகளில் மூட்டுவாத நோயாளரைப் பார்க்கும் மருத்துவர்களுக்கும், தாதியருக்கும், மருந்தாளருக்கும்,

வணக்கம்.

என்னுடைய அம்மாவுக்கு 78 வயது. 19 ஆண்டுகளாக, மூட்டுகள் அழற்சியால் விறைத்து நோகும் முடக்குவாதத்துடன் வாழ்கிறார். அதனோடு சீனி வருத்தமும் பிரஷரும், இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்வும் உண்டு. நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். மாதம் ஒரு தடவை கிளினிக் நாளன்று, நம்பர் துண்டு பிந்தாமல் எடுப்பதற்காக, விடிய ஐந்து மணிக்கு முன்னரே ஓட்டோவில் ஏறிவிடுவோம். காலி வீதியால் பஸ்கள் ஓடுகின்றன என்றாலும் பஸ்ஸின் முதற்படி அம்மாவின் முழங்காலுக்கு எட்டாத உயரம். கிளினிக் வாங்கில் ஐந்தாறு மணித்தியாலம் இருந்த பிறகு உள்ளே கூப்பிடுவார்கள். டொக்டர் கொப்பியைப் புரட்டி, இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து, நிமிர்ந்து "ரிதெனவாத?" (நோகிறதா?) என்று சிங்களத்தில் கேட்பார். அம்மாவுக்குத் தெரிந்த சிங்களத்தில் அதற்குப் பொருத்தமான ஒரு பதில்தான் இருக்கிறது. "ஓவ்" (ஓம்) என்பார். டொக்டர் போன மாதத்து மருந்தையே திரும்பவும் எழுதுவார். மூன்று நிமிடத்தில் நாங்கள் வெளியே வந்துவிடுவோம்.

வீடு திரும்பும் வழியில், ஓட்டோவின் இரைச்சலுக்குள், டொக்டரிடம் சொல்லியிருக்க வேண்டிய எல்லாவற்றையும் அம்மா என்னிடம் சொல்வார். "விடிய எழும்பேக்க கையிரண்டும் பூட்டுப் போட்டமாதிரி, ஒன்பதரை மட்டும் கொண்டை முடிய ஏலாது பிள்ளை. பின்னேரத்தில முழங்கால் உளையுது. ராவில பாதம் மிளகாய் அரைச்சுப் பூசினமாதிரி எரியுது." இந்த மூன்று வாக்கியங்களும் கிளினிக் கொப்பியில் ஒருநாளும் ஏறவில்லை என்பதனால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

மருத்துவம் படித்த உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆயினும் 19 ஆண்டுகளாகப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்ற முறையில், அந்த மூன்று வாக்கியங்களும் மூன்று வெவ்வேறு நோவுகள் என்பதைக் காலந்தாழ்த்தியேனும் அறிந்துகொண்டேன். விடியற்காலை விறைப்பு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் மூட்டுக்குள் அழற்சி அடங்கவில்லை என்பதற்கு அது வலுவான அறிகுறி. அதற்கு நோவுக் குளிசையைக் கூட்டுவதிலும் பார்க்க, மெத்தோட்ரெக்ஸேட் போன்ற, நோயின் போக்கையே கட்டுப்படுத்தும் மருந்து போதுமா என்று பார்க்கவேண்டும். நடந்து திரிந்த பிறகு பின்னேரத்தில் கூடுகிற, இருந்து ஆறினால் குறைகிற உளைவு, தேய்ந்த முழங்காலின் உளைவு. தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியும் மேலே பூசும் மருந்தும் அதற்கு உதவும். இரவில் பாதம் எரிவது பெரும்பாலும் சீனி வருத்தத்தால் நரம்பு பழுதடைந்ததன் விளைவு. அந்த எரிவுக்கு டைக்ளோபெனாக் என்ற நோவுக் குளிசையை எத்தனை விழுங்கினாலும் பயன் இல்லை, வயிறுதான் புண்ணாகும். "ரிதெனவாத?" என்ற கேள்விக்கு "ஓவ்" என்ற பதில் இந்த மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறது.

தமிழில் நோவைச் சொல்வதற்குச் சொற்களுக்குப் பஞ்சம் இல்லை. உளைவு, குத்து, குடைச்சல், கடுப்பு, எரிவு, இழுவை, விறைப்பு, விண்விண் என்று தெறித்தல் என எங்கள் வயோதிபர்கள் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்திலேயே பயன்படுத்துகிறார்கள். குடைகிறது என்பவர் எரிகிறது என்று மாற்றிச் சொல்லமாட்டார். பெருவிரல் அடியில் திடீரென்று நெருப்பை வைத்தமாதிரி, போர்வை பட்டாலே தாங்காது என்று ஒரு கிழவர் சொன்னால், அது கவுட் (யூரிக் அமிலம் மூட்டில் படிவதால் வரும் நோய்) என்று சந்தேகிப்பதற்கு அந்த ஒரு வாக்கியமே போதுமானது. வேறொரு குழப்பமும் இருக்கிறது. எங்கள் ஆட்கள் மூட்டு வருத்தத்தையும் வாதம் என்பார்கள், கை கால் இழுத்துக்கொண்டு விழுகிற பாரிசவாதத்தையும் வாதம் என்றே சொல்லிவிடுவார்கள். மொழி சரிவரத் தெரியாத ஒருவர் அருகில் நின்று அரைகுறையாக மொழிபெயர்த்தால் என்ன நடக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். அவ்வாறு மொழிபெயர்ப்பது பல வேளைகளில் பக்கத்து வாங்கில் இருக்கும் இன்னொரு நோயாளி அல்லது வழியில் போகும் ஒரு சிற்றூழியர். அவர்களுடைய நல்ல மனதுக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய கேள்விகளை முன்பின் அறியாத ஆண் ஒருவர் ஊடாகக் கேட்கும்போது, என் தாயின் தலைமுறைப் பெண்கள் பாதியை விழுங்கிவிடுகிறார்கள்.

சொல் தவறுவதால் பார்வையே போகக்கூடிய நோயும் இருக்கிறது. 50 வயதைக் கடந்த, பெரும்பாலும் எழுபதுகளில் இருப்பவர்களுக்கு, இரு தோள்மூட்டுகளும் இடுப்பும் விடியற்காலையில் விறைத்து, தலைசீவக் கை உயர்த்த முடியாமற் போகும் ஒரு வாதநோய் வருவதுண்டு. பிரட்னிசோலோன் என்ற ஸ்டெரொயிட் மருந்தைச் சிறிய அளவில் கொடுத்தால் சில நாட்களிலேயே வியக்கத்தக்க சுகம் கிடைக்கும். அதே ஆட்களில் சிலருக்குப் கன்னப்பொட்டுப் பக்கத்துத் தலையிடியும், சாப்பாட்டை மெல்லும்போது தாடை நோவும் சேர்ந்து வந்தால், தலையின் இரத்தக் குழாய்களில் அழற்சி என்று கருதி உடனடியாக வைத்தியம் தொடங்கவேண்டும். பிந்தினால் கண் போய்விடும். "வயது போனால் தோள் நோகத்தானே செய்யும்" என்று அனுப்பிவைக்கப்படும் ஒருவரிடம், தலை இடிக்கிறதா, மெல்லும்போது தாடை நோகிறதா என்று அவருக்கு விளங்கும் மொழியில் கேட்க ஒரு நிமிடம் போதும்.

வயதைக் காரணம் காட்டும் அந்த வசனத்தை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் கொடியவர்கள் அல்லர், களைத்தவர்கள். வாசலில் நிற்கும் கூட்டத்தை நான் பார்க்கிறேன், 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் மருந்துகள் இல்லாமல் நீங்கள் பட்ட பாட்டையும் பார்த்தேன். ஆனால் வயது ஒரு நோயின் பெயர் அன்று. கொழும்பில் அண்மையில் சிக்குன்குனியா பரவியபோது எங்கள் தொடர்மாடியிலேயே பல வீடுகளில் காய்ச்சல் வந்து போனது. இளையவர்களின் மூட்டு நோ மாதக்கணக்கில் நீடித்தபோது எல்லோரும் அதை அந்தக் காய்ச்சலின் தொடர்ச்சி என்று ஏற்றுக்கொண்டார்கள். அதே காய்ச்சல் வந்த 74 வயது அயல்வீட்டு அம்மாவின் நோவை மட்டும் வயது என்று சொல்லிவிட்டார்கள்.

நோயாளர் பக்கத்துத் தவறையும் நான் மறைக்கமாட்டேன். எங்கள் பெரியவர்கள் நோவை ஒளிப்பார்கள். பிள்ளைகளுக்குக் கரைச்சல், கூடச் சொன்னால் டொக்டர் கோபிப்பார், இன்னும் ஒரு குளிசை கூடிவிடும் என்று பல பயங்கள் அவர்களுக்கு. எப்படி இருக்கிறது என்று கேட்டால் "பரவாயில்லை" என்பதே அம்மாவின் பதில். அந்தச் சொல்லை நம்பி நானே ஏமாந்திருக்கிறேன். ஆகவே நோவு எவ்வளவு என்று கேட்பதோடு, அது எதைச் செய்யவிடாமல் மறிக்கிறது என்றும் கேளுங்கள். தேத்தண்ணிக் கோப்பையை ஒரு கையால் தூக்க முடிகிறதா, மலசலகூடத்தில் தானாக எழும்ப முடிகிறதா, இரவில் எத்தனை தடவை நோவால் விழிப்பு வருகிறது என்று கேட்டால் "பரவாயில்லை" என்று ஒருவராலும் பதில் சொல்ல முடியாது.

இனி எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லவேண்டும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மழைக்காலத்தில் அம்மாவுக்கு நோவு தாங்கமுடியாமற் போனது. அடுத்த கிளினிக் திகதிக்கு இன்னும் 18 நாட்கள் இருந்தன. நான் அருகில் இருந்த ஒரு தனியார் மருந்தகத்துக்குக் கூட்டிச் சென்றேன். சிறிய கடதாசிப் பைகளில் குளிசைகள் தந்தார்கள். ஒரு பையின்மேல் பேனையால் ஒரு கோடும் இரண்டு வட்டமும் போட்டிருந்தது. மருந்தின் பெயர் இல்லை. என்ன மருந்து என்று கேட்டதற்கு "நோவுக்கு" என்றார்கள். அம்மாவிடம் ஏற்கெனவே கிளினிக்கில், தேவைப்பட்டால் மட்டும் போடும்படி கொடுத்த டைக்ளோபெனாக் இருந்தது. பையில் இருந்ததும் டைக்ளோபெனாக் தான், வேறு கம்பெனியின் வேறு நிறக் குளிசை. இரண்டையும் ஒன்பது நாட்கள் போட்டார். அதனோடு பிரஷருக்கு லொசார்ட்டனும், சலம் போகும் குளிசையும், மூட்டுக்கு 5 மில்லிகிராம் பிரட்னிசோலோனும். பத்தாம் நாள் தார் போலக் கறுப்பாக வெளியே போனதை, இரும்புச் சத்துக் குளிசையால் என்று நினைத்து அம்மா எனக்குச் சொல்லவில்லை. பதினோராம் நாள் குளியலறை வாசலில் மயங்கி விழுந்தார். வயிற்றுப் புண்ணிலிருந்து இரத்தம் கசிந்திருந்தது, இரத்தம் ஏற்றினார்கள், சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருந்தது. விடுதியில் ஓர் இளம் பெண் டொக்டர் எங்கள் மருந்துப் பையை முழுவதுமாகக் கட்டிலில் கொட்டி, குளிசைகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்கிப் பார்த்தார். அத்தனை ஆண்டுகளில் அப்படிச் செய்த முதல் ஆள் அவர்தான். எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்த்தபோதுதான் எது எதனோடு மோதியது என்று தெரிந்தது.

டைக்ளோபெனாக், ஐபுபுரோபன், மெஃபனமிக் அமிலம் எல்லாம் ஒரே குடும்பத்து மருந்துகள். முதியவர்களுக்கு அவை வயிற்றில் இரத்தக் கசிவை ஏற்படுத்தலாம். பிரட்னிசோலோன் கூடவே இருந்தால் அந்த ஆபத்து இன்னும் ஏறும். லொசார்ட்டன் வகை பிரஷர் மருந்தும், சலம் போகும் மருந்தும், இந்த நோவுக் குளிசையும் மூன்றும் ஒன்றாகச் சேரும்போது சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கலாம். இருதயம் பலவீனமானவர்களுக்கு உடம்பில் நீர் கோர்க்கும், பிரஷர் ஏறும். 1991இல் முதன்முதலாக அமெரிக்காவில் வெளியாகி, பின்னர் பல தடவை திருத்தப்பட்ட, முதியோருக்குத் தவிர்க்கத்தக்க மருந்துகளின் பட்டியலிலும், இவற்றை நீண்ட காலம் தொடர்ந்து கொடுப்பது பற்றிய எச்சரிக்கை இருக்கிறது. ஒமிப்பிரசோல் போன்ற வயிற்றுக் காப்பு இல்லாமல், முடிவுத் திகதி இல்லாமல், மாதாமாதம் பழைய மருந்தே என்று எழுதப்படும் டைக்ளோபெனாக் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று நினைக்க எனக்கு நடுக்கமாக இருக்கிறது.

இதற்காக நோவுக்கு ஒன்றுமே கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நோவைச் சகித்துக்கொண்டு கிடப்பதும் முதியவரைக் கொல்லும். நோகிறவர் நடக்கமாட்டார், நடக்காதவரின் தசை கரையும், தசை கரைந்தவர் விழுவார், விழுந்தவரின் இடுப்பெலும்பு முறியும். பரசிட்டமோலை ஒழுங்கான நேரத்தில் கொடுக்கலாம். ஆனால் வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு உச்சம் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டு என்பதையும், மெலிந்து 50 கிலோவுக்கும் குறைந்துபோனவர்களுக்கு அந்த அளவு கூடாது என்பதையும், தடிமன் குளிசைகளுக்குள்ளும் அதே மருந்து இருக்கிறது என்பதையும் யாராவது அவர்களுக்குத் தமிழில் சொல்லவேண்டும். தேய்ந்த மூட்டுக்கு அதன் பயன் சிறிதுதான் என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். முழங்காலுக்கும் கைவிரல்களுக்கும் டைக்ளோபெனாக் ஜெல் பூசினால் இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. சித்தாலேப பூசி, வெந்நீர் ஒத்தடம் பிடித்து வளர்ந்த எங்கள் கிழவிகளுக்குப் பூசுகிற மருந்தில் ஒரு தனி நம்பிக்கை, அந்த நம்பிக்கையைப் பயன்படுத்திக்கொள்ளலாமே. டிரமடோல் போன்ற வலுவான நோவு மருந்துகள் மலச்சிக்கலையும் தலைச்சுற்றையும் தடுமாற்றத்தையும் தருவன என்பதால், தொடங்கும்போதே சிறிய அளவில் தொடங்கி, இரண்டு வாரத்தில் திரும்பக் கூப்பிட்டுப் பாருங்கள்.

மெத்தோட்ரெக்ஸேட் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அது கிழமைக்கு ஒரு தடவை மட்டும் போடவேண்டிய மருந்து. தவறி நாள்தோறும் போட்டால் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு உயிர் போகலாம். அந்த எச்சரிக்கை அம்மாவின் பையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல்லாக எழுதப்பட்டிருந்தது. அம்மா தமிழ் மட்டும் வாசிப்பவர். நாங்கள் வீட்டில் அதைத் தனிப் போத்தலில் போட்டு, "செவ்வாய் மட்டும்" என்று பெரிய எழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம். செவ்வாய்க்கிழமை அம்மா கோயிலுக்குப் போகும் நாள், ஆகவே மறக்கமாட்டார். வாசிக்கத் தெரிந்த பிள்ளை இல்லாத வீட்டில் அந்தப் போத்தலை யார் ஒட்டுவார்கள்?

சொல்லவே முடியாத முதியவர்களும் இருக்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் இருந்த என் பெரியம்மாவுக்கு மறதி நோய் முற்றியிருந்தது. குளிக்க வார்க்கும்போது கத்துவார், பிடிப்பவரின் கையைத் தட்டிவிடுவார். குணம் மாறிவிட்டது என்று நித்திரைக் குளிசை கொடுத்தார்கள். சட்டையைக் கழற்ற இடது கையை உயர்த்தும் அந்தக் கணத்தில்தான் அவர் கத்துகிறார் என்பதைக் கவனித்தது வீட்டில் வேலைக்கு நின்ற பெண். தோள்மூட்டு இறுகிப் போயிருந்தது. தோளுக்கு வைத்தியம் செய்த பிறகு கத்தல் நின்றது. இப்படியானவர்களின் நோவை அளப்பதற்கென்றே, மூச்சு, முனகல், முகம், உடல் அசைவு, தேற்றினால் ஆறுகிறாரா என்ற ஐந்து விடயங்களைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை புள்ளியிடும் ஓர் அளவுகோல் 2003ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ஒரே பக்கத்தில் அடங்குவது, செலவில்லாதது. அதைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு விடுதிகளிலும் முதியோர் இல்லங்களிலும் தாருங்கள்.

உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு அனுப்புவதையும் கடைசி வழியாக வைத்திருக்காதீர்கள். அம்மா ஆண்டுக்கணக்காகக் கைத்தடியைக் கூடுதலாக நோகிற காலின் பக்கத்திலேயே பிடித்து நடந்தார். அதை மற்றக் கைக்கு மாற்றியது ஒரு பிசியோதெரபிஸ்ட். அதற்கு அவர் எடுத்த நேரம் ஒரு நிமிடம்.

நான் கேட்பவை பெரிய கட்டடமோ புதிய இயந்திரமோ அல்ல. கிளினிக் கொப்பியில் பிரஷருக்கும் சீனிக்கும் இடம் இருப்பதுபோல நோவுக்கும் ஒரு வரி வேண்டும்: எங்கே, எப்படி, எவ்வளவு, எதை மறிக்கிறது. நோவுச் சொற்களைத் தமிழிலும் சிங்களத்திலும் அருகருகே எழுதிய ஓர் அட்டை ஒவ்வொரு மேசையிலும் இருக்கட்டும். நோயாளி விரலால் தொட்டுக் காட்டினால் போதும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, வீட்டில் இருக்கும் எல்லாக் குளிசைகளையும், தனியாரிடம் வாங்கியதையும் பெயரில்லாத பொட்டலத்தையும், ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லி, ஒரு மருந்தாளர் அவற்றை மேசையில் கொட்டிப் பார்க்கட்டும். எந்த மருந்துப் பையும் மருந்தின் பெயர் இல்லாமல், நோயாளி வாசிக்கும் மொழி இல்லாமல், அரசாங்கக் கவுண்டரிலோ தனியார் கடையிலோ கைமாறக்கூடாது.

தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்துக்குப் பின்னர் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. முதியோர் உரிமைகளைப் பாதுகாப்பதற்கு 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் 60 வயதைக் கடந்திருந்தார்கள். அந்தத் தொகை கூடிக்கொண்டே போகிறது. இவற்றை உங்களுக்கு எதிரான வாதமாக நான் முன்வைக்கவில்லை. மேலதிகாரியிடம் ஓர் அட்டை அச்சிட அனுமதி கேட்கும் டொக்டருக்குக் கைகொடுக்கும் என்றே சொல்கிறேன்.

இந்த மடலை எழுதத் தொடங்கிய பிறகு நான் ஒரு பாடசாலை அப்பியாசக் கொப்பி வாங்கி, அம்மாவின் நோவுகளை அவர் சொன்ன சொல்லிலேயே ஒரு பக்கத்திலும், என் மருமகன் உதவியுடன் சிங்களத்தில் எதிர்ப் பக்கத்திலும் எழுதினேன். போன கிளினிக்கில் அதை நீட்டியபோது, டொக்டர் வாசித்து, அம்மாவின் கைவிரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, பாதத்தின் அடியைப் பஞ்சால் தொட்டு, கண்ணை மூடச் சொல்லி, தெரிகிறதா என்று கேட்டார். அம்மாவுக்கு அந்தப் பஞ்சு பட்டது தெரியவில்லை. டொக்டர் இரண்டு மருந்துகளை மாற்றி எழுதினார். நாங்கள் உள்ளே இருந்தது ஏழு நிமிடம். எங்களுக்குப் பின்னால் மட்டக்குளியிலிருந்து வந்திருந்த ஒரு தாயார் கையில் கொப்பி எதுவும் இல்லாமல் காத்திருந்தார்.

இங்ஙனம்,
ஒரு முடக்குவாத நோயாளியின் மகள்
வெள்ளவத்தை, கொழும்பு 6